இன்னும் தவழலையா, இன்னும் நடக்கலையா? குழந்தையின் உடலசைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மூத்த மகள் 10 மாதத்தில் நடந்தாள். இளையவன் நடக்க 16 மாதம் ஆனது; அவன் தவழவே இல்லை. மகள் வளர்ந்தது என் அம்மா வீட்டில், முற்றமும் திண்ணையுமாக. மகன் வளர்ந்தது மூன்றாவது மாடியில், வழவழவென்ற டைல்ஸ் தரையில். "ஏம்மா, இன்னும் தவழலையா?" என்று அந்த நாட்களில் கேட்காத ஆளில்லை. பதில் தெரியாமல் படிக்கத் தொடங்கினேன். பிறகு உறவிலும் தெருவிலும் பிள்ளை பெற்றவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்; அவசரம் என்றால் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் உட்கார வேண்டும், எந்த மாதத்தில் நடக்க வேண்டும்?

"இந்த மாதம்" என்று ஒன்றைச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் டெல்லியைச் சேர்ந்தவர்கள். பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கைகளையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்.

நடப்பதற்கான எண்களை இன்னொரு தடவை பாருங்கள். எட்டு மாதத்தில் நடந்த குழந்தைக்கும் பதினேழரை மாதத்தில் நடந்த குழந்தைக்கும் நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி. இரண்டுமே இயல்புதான். சராசரி 12 மாதம் என்பதை நாம் கெடு தேதி போல எடுத்துக்கொண்டு விடுகிறோம். பாதிப் பிள்ளைகள் சராசரிக்குப் பின்னால்தானே வருவார்கள்?

அப்படியானால் "4-ல் குப்புற விழும், 8-ல் தவழும், 12-ல் நடக்கும்" என்ற அட்டவணை எங்கிருந்து வந்தது?

அதன் வேர் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் என்ற மருத்துவர் 1920-களிலிருந்து குழந்தைகளைப் படம் பிடித்து, மாதவாரியாக எது எப்போது வருகிறது என்று எழுதினார். பூ மலர்வது போல எல்லாம் உள்ளிருந்தே தன் நேரத்தில் வரும், சொல்லிக்கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது அவர் கருத்து. 1929-ல் ஒரு இரட்டைக் குழந்தைச் சோதனையும் செய்தார்கள். ஒரு குழந்தைக்கு ஆறு வாரம் படி ஏறப் பழக்கினார்கள். மற்றொன்றுக்குச் சில வாரம் கழித்து இரண்டே வாரம் பழக்கினார்கள். பின்னால் தொடங்கியது சீக்கிரமே முன்னதை எட்டிப் பிடித்துவிட்டது.

அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தவை நியூ ஹேவன் நகரைச் சுற்றியிருந்த நடுத்தர வர்க்கக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி தூக்கும் பழக்கம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வளர்க்கப்பட்டால், வளர்ப்பினால் என்ன மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டும்.

ஆப்பிரிக்கக் குழந்தைகள் சீக்கிரம் நடக்கின்றன என்கிறார்களே, அது ரத்தத்தில் வருவதா?

1950-களில் உகாண்டாவின் கம்பாலாவில் குழந்தைகளைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவை முந்தியிருப்பதைக் கண்டு வியந்தார்கள். பிறவி வேகம் என்ற பேச்சு பரவியது. 1970-களில் சார்லஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் கென்யாவின் கொக்வெட் என்ற கிராமத்தில் கிப்சிகிஸ் மக்களோடு இருந்து கவனித்தார். அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட முன்னதாக உட்கார்ந்தன, முன்னதாக நடந்தன. ஆனால் தவழ்வதில் மட்டும் முந்தவில்லை.

ரத்தத்தில் இருந்தால் எல்லாவற்றிலும்தானே முந்த வேண்டும்?

விடை தாய்மார்களிடம் இருந்தது. உட்காரவும் நடக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தரையில் சிறு குழி தோண்டி, உள்ளே துணியை அண்டக் கொடுத்துக் குழந்தையை உட்கார வைப்பார்கள். அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்திக் காலடி எடுக்க வைப்பார்கள். அவர்கள் மொழியில் உட்காரக் கற்றுக்கொடுப்பதற்கும் நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் தனிச் சொற்களே உண்டு. பழக்கியது முந்திவந்தது; பழக்காதது அதன் போக்கில் வந்தது.

சூப்பர் அதோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த மற்ற இனக்குழுக்களையும் கேட்டார். தேசோ மக்களில் 93 சதவீதத் தாய்மார்கள் தவழப் பழக்குவதாகச் சொன்னார்கள். அங்கே பிள்ளைகள் சராசரியாக ஐந்தரை மாதத்தில் தவழ்ந்தன. மேரு மக்களில் 13 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். அங்கே எட்டு மாதம் ஆனது. இந்த ஒரு விவரம்தான் என்னை மொத்தமாக மாற்றியது. அதுவரை "இவனுக்கு என்ன குறை" என்று தேடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் "இவனுக்கு நாங்கள் எதற்கெல்லாம் இடம் கொடுக்கிறோம்" என்று யோசித்தேன்.

ஐந்து மாதக் குழந்தை தனியாக உட்காருவது சாத்தியமா?

வீட்டைப் பொறுத்தது. அர்ஜென்டினா, கேமரூன், இத்தாலி, கென்யா, தென் கொரியா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 5 மாதக் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் படம் பிடித்து, 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில குழந்தைகள் இரண்டு வினாடி உட்கார்ந்து சாய்ந்தன. சில 28 நிமிடம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தன. கென்யா, கேமரூன் பிள்ளைகள்தான் நீண்ட நேரம் உட்கார்ந்தவை. அவற்றைத் தரையிலும் பெரியவர்கள் உட்காரும் இருக்கைகளிலும் சாய்மானம் இல்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். மற்ற நாடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் மடியிலோ, முதுகைத் தாங்கும் குழந்தை நாற்காலியிலோ இருந்தார்கள்.

நாற்காலி முதுகைத் தாங்கினால், முதுகு தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டிய வேலை இல்லாமல் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நாள் முழுக்கக் கட்டி வைத்தே வளர்த்தால் கால் சூம்பிப் போய்விடாதா?

தஜிகிஸ்தானில் கஹ்வோரா என்று ஒரு மரத்தொட்டில் உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகால்களைத் துணிப் பட்டைகளால் கட்டி, மேலே திரை போட்டுவிடுவார்கள். மெத்தையில் ஒரு துளை; சிறுநீர் வெளியே போக ஒரு சிறு குழாய். பச்சைக்குழந்தைகள் பகலிலும் இரவிலும் பெரும்பாலான நேரம் அதில்தான். வயது ஏற ஏற நேரம் குறையும். முதன்முதலில் படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் அங்குள்ள அம்மாக்களுக்கு அது பாசத்தின் அடையாளம். குழந்தை சூடாக, சுத்தமாக, பத்திரமாக இருக்கும் இடம். லானா கராசிக், கேத்தரின் டாமிஸ்-லெமாண்டா, கேரன் அடால்ஃப் குழுவினர் இந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அங்கே பிள்ளைகள் உட்கார்வதும் நடப்பதும் உலக சுகாதார நிறுவன அளவைவிடத் தாமதமாகத்தான் வருகிறது. ஆனாலும் அந்த நாடு முழுக்க மனிதர்கள் நடந்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் பராகுவே நாட்டுக் காட்டில் வாழ்ந்த ஆச்சே மக்கள். காட்டுத் தரையில் பாம்பும் பூச்சியும் இருக்கும் என்பதால் தாய்மார்கள் பிள்ளையை இறக்கியே விடமாட்டார்கள். அந்தக் குழந்தைகள் நடப்பது இரண்டு வயதை ஒட்டித்தான், அதாவது அமெரிக்கக் குழந்தைகளைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்னால். அதே பிள்ளைகள் எட்டு, பத்து வயதில் உயரமான மரங்களில் சர்வசாதாரணமாக ஏறுகின்றன.

இதிலிருந்து "எப்படி வளர்த்தாலும் பரவாயில்லை" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேய்ன் டென்னிஸ் என்ற உளவியலாளர் 1960-ல் டெஹ்ரான் நகரின் அநாதை இல்லங்களைப் பற்றி எழுதினார். அங்கே குழந்தைகளைக் கட்டிப்போடவில்லை. கட்டிலில் மல்லாக்க விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தூக்கவில்லை, உட்கார வைக்கவில்லை, பேசவில்லை; பராமரிப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு இல்லத்தில் இரண்டாவது வயதில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் உட்காரக்கூட முடியாமல் இருந்தன. கஹ்வோராவில் இருக்கும் குழந்தையோடு அம்மா குனிந்து பேசுகிறாள், கொஞ்சுகிறாள், பால் கொடுக்கிறாள். வித்தியாசம் அங்கேதான்.

தவழாமல் நேராக நடந்தால் மூளை வளர்ச்சி குறையும் என்கிறார்களே?

அதற்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கவனித்த பிள்ளைகளில் 4.3 சதவீதம் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. அவையும் ஆரோக்கியமான பிள்ளைகள்தான். பப்புவா நியூ கினியில் ஆவ் மக்கள் குழந்தையைத் துணித்தூளியில் நிமிர்த்தித் தூக்கியபடியே திரிவார்கள், தரையில் அதிகம் விடமாட்டார்கள். அங்கே தவழ்தல் என்ற கட்டமே பொதுவாக இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து, பிறகு நடந்துவிடுகிறார்கள்.

என் மகனும் அப்படித்தான். ஒரு காலை மடக்கி, மறுகாலால் உந்தி, உட்கார்ந்தவாக்கிலேயே ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சறுக்கிப் போவான். டைல்ஸ் தரைக்கு அது வசதியான வழி. முட்டி ஊன்றினால் வழுக்கும், சறுக்கினால் வேகமாகப் போகலாம். தரைக்கேற்ற வழியை அவனே கண்டுபிடித்தான் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அக்காவும் தம்பியும் சுபாவத்திலேயே வேறு வேறு, முழுக்காரணத்தையும் தரை மேல் போட முடியாது. ஆனால் தரைக்கும் பங்கு உண்டு.

நம் மரபில் இதெல்லாம் எங்காவது சொல்லப்பட்டிருக்கிறதா?

பிள்ளைத்தமிழே இருக்கிறதே! குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுகிற இலக்கிய வகை நம்மிடம் பல நூற்றாண்டுகளாக உண்டு. செங்கீரை 5-ம் மாதம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. சப்பாணி 9-ம் மாதம்: உட்கார்ந்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. வருகை 13-ம் மாதம்: "வா வா" என்று கை நீட்டி அழைக்க, குழந்தை தளர்நடை போட்டு வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் சராசரிப்படி தனியாக நடக்கும் வயது 12 மாதத்தைச் சற்றே தாண்டும். நம் புலவர்களின் கணக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒவ்வொரு பருவத்திலும் எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். "ஆடுக" என்கிறார், "கொட்டுக" என்கிறார், "வருக" என்கிறார். குழந்தை தனியாக எதையும் செய்வதில்லை.

கடைசி மூன்று பருவங்கள் மட்டும் உறுத்துகின்றன. ஆண்பிள்ளை என்றால் சிற்றில் (பெண்பிள்ளைகள் கட்டிய மணல் வீடு) சிதைப்பான், சிறுபறை முழக்குவான், சிறுதேர் உருட்டுவான். பெண்பிள்ளை என்றால் கழங்கு, அம்மானை (இரண்டும் காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் விளையாட்டு), ஊசல் (ஊஞ்சல்). ஓடி ஆடுவது பெரும்பாலும் அவன் பங்கு. இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2000-ல் அமெரிக்காவில் 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், "உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்கும்?" என்று கேட்டார்கள். மகன்களின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள், மகள்களின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். சோதித்துப் பார்த்தால் ஆண் பெண் வித்தியாசமே இல்லை. பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை மனதில் நிறுத்துங்கள்.

பாட்டி காலை நீட்டிப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகால் நீவிக் குளிப்பாட்டுவது நல்லதா?

நல்லதுதான். மாலி நாட்டுத் தாய்மார்களும் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய தாய்மார்களும் இதே மாதிரி குளிக்கும்போது கைகால்களை நீட்டி மடக்கி, தூக்கிப் பிடித்து, நிறுத்திப் பார்க்கிறார்கள். ஜமைக்கா அம்மாக்கள் தங்கள் பிள்ளை சீக்கிரம் உட்காரும், நடக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள். அவர்கள் பிள்ளைகளும் அப்படியே செய்தன. 

ஆனால் சில பழக்கங்களைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவாக மாறும். குளிப்பாட்ட வரும் பெரியவர்களிடம் சொல்லச் சங்கடமாக இருக்கும்தான். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க பாட்டி" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன்.

தூளியில் போடுவதும் இடுப்பில் தூக்கி வைப்பதும் நடையைத் தாமதப்படுத்துமா?

தூங்குகிற நேரத்தில் குழந்தை எதையும் பழகப்போவதில்லை, அதனால் நடைக்கு நஷ்டமில்லை. விழித்துக்கொண்ட பிறகும் வேலை முடியட்டும் என்று ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை. அது தரைக்குப் போக வேண்டிய நேரம். புடவைத் தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும்போது முகவாய் நெஞ்சில் அழுந்தாமல், மூச்சு தடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உருளத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிடுவது நல்லது.

இடுப்பில் தூக்குவதைப் பற்றி மனதாரச் சொல்கிறேன், விட்டுவிடாதீர்கள். இரண்டு காலும் அகன்று அம்மாவின் இடுப்பைச் சுற்றி இருக்கும் அந்த நிலை, தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்த உதவுகிறது. கால்களை நீட்டி இறுகச் சுற்றிவைத்தால் நேர்மாறு. ஜப்பானில் 1970-களில் அப்படிக் கால்களை நீட்டிச் சுற்ற வேண்டாம் என்று நாடு தழுவிய பிரசாரம் செய்த பிறகு, குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு விலகுவது வெகுவாகக் குறைந்தது.

பிறந்த குழந்தையைத் தூக்கி நிறுத்தினால் காலை மாற்றி மாற்றி வைக்கிறது. இரண்டு மாதத்தில் அது நின்றுவிட்டது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் 1984-ல் அழகாக ஒன்று செய்தார். காலை அசைக்காமல் விட்ட குழந்தைகளை இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் இறக்கிப் பிடித்தார். உடனே நடை திரும்பிவிட்டது! அந்த இரண்டு மாதத்தில் குழந்தையின் காலில் சதை போடுகிறது, ஆனால் தசைக்கு அந்த அளவு வலு ஏறுவதில்லை. தூக்க முடியாத கனம். தண்ணீர் கனத்தைத் தாங்கியதும் கால் நகர்ந்தது. நேர்மாறாக, நன்றாகக் காலடி வைக்கும் குழந்தையின் காலில் சிறு எடை கட்டியதும் நடை குறைந்தது. நடை என்பது மூளை மட்டும் பார்க்கும் வேலை இல்லை. எடை, தசை, தரை எல்லாம் கூட்டுச் சேர்ந்து செய்வது.

குழந்தை நாளெல்லாம் விழுந்துகொண்டே இருக்கிறது. பிடித்துக்கொண்டே திரிய வேண்டுமா?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் நடத்தும் ஆய்வகத்தில் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை அவர்கள் போக்கில் விளையாட விட்டு எண்ணினார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரி 2,368 காலடி, 17 தடவை விழுதல். தூரம் கிட்டத்தட்ட 700 மீட்டர். ஒரு மணி நேரத்துக்குத்தான் இது! நேர்கோட்டில் நடப்பதே இல்லை. வளைந்து, நின்று, திரும்பி, பக்கவாட்டில் என்று போகிறார்கள். இத்தனை விதமான காலடியும் சேர்ந்துதான் நடையாகிறது. நாம் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பிடித்தால், அந்த 17 பாடத்தில் எத்தனை மிஞ்சும்?

அதே அடால்ஃப் சரிவுப் பலகை வைத்துச் செய்த சோதனை எனக்கு இன்னும் ஆச்சரியம். புதிதாகத் தவழும் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவானாலும் தலைகுப்புறப் போய்விடும் (கீழே பிடித்துக்கொள்ள ஆள் உண்டு). பல வாரம் தவழ்ந்த பிறகு, எது முடியும், எது முடியாது என்று துல்லியமாகப் பார்த்து ஒதுங்கும். சரி, கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைப்போம். அதே குழந்தை நடக்க ஆரம்பித்ததும், அதே சரிவில் மறுபடி அப்படியே போய் விழுகிறது! நடக்கும் உடம்புக்கு எல்லாம் முதலிலிருந்து. உயரம் வேறு, சமநிலை வேறு, கண் பார்க்கும் கோணம் வேறு.

ஆகவே, "தவழும்போது கட்டில் விளிம்பில் நின்றுவிடுவாள், ஜாக்கிரதையான பிள்ளை" என்று நம்பி, நடக்கத் தொடங்கிய வாரத்தில் அசந்துவிடாதீர்கள். அந்த வாரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய வாரம். தரையில் விழுவதை விடுங்கள். மாடிப்படி, கிணற்றடி, தண்ணீர் வாளி, அடுப்பங்கரை இவற்றை மட்டும் அடைத்துவிடுங்கள்.

வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். நானும் ஒன்று வாங்கி, அதோடு மகன் வாசற்படியில் கவிழ்ந்து நெற்றியில் வீங்கிய பிறகுதான் மூலையில் போட்டேன். சக்கரம் வைத்த வாக்கரைக் கனடா 2004-ல் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை செய்தது. அது நடையைக் கற்றுத் தருவதும் இல்லை. எடையைத் துணி தாங்குகிறது, கால்விரல் நுனி மட்டும் உந்துகிறது, தட்டு மறைப்பதால் தன் காலே குழந்தைக்குத் தெரிவதில்லை. அதில் வளர்ந்த பிள்ளைகள் உட்கார்வதிலும் தவழ்வதிலும் நடப்பதிலும் பின்தங்கியதாக 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நம் மரத்து நடைவண்டி வேறு விஷயம். அதில் குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். எழுந்து நிற்கத் தெரிந்த பிறகு, சமதரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொடுக்கலாம்.

டயப்பர் நடையைக் கெடுக்குமா?

கொஞ்சம் தொந்தரவு செய்யும். 13 மாதமும் 19 மாதமும் ஆன 60 குழந்தைகளை வெறும் உடம்போடும், டயப்பரோடும், தடித்த துணியோடும் நடக்க வைத்துப் பார்த்தார்கள். அம்மணமாக நடந்தபோதுதான் நடை சிறப்பாக இருந்தது. காலை அகட்டாமல், எட்டி வைத்து நடந்தார்கள். வெயில் ஊரில் இருக்கும் நமக்கு இது கஷ்டமா என்ன, தினம் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுங்கள்.

குப்புறப் போட்டால் ஆபத்து என்கிறார்கள், குப்புறப் போட்டால்தான் கழுத்து நிற்கும் என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டுமே சரி. தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது குப்புற. அமெரிக்காவில் 1994-ல் "மல்லாக்கத் தூங்க வையுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கியது. தூக்கத்தில் குழந்தை திடீரென்று இறந்துபோவது சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய பாதியானது. கூடவே, பிள்ளைகள் உருள்வதும் தவழ்வதும் சற்றுத் தள்ளிப் போனது. நடக்கும் வயது மாறவில்லை. உயிருக்கு முன்னால் இது ஒரு விலையே இல்லை. நகரத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கத் தலை தானாக நிமிரும்.

சீக்கிரம் நடந்தால் புத்திசாலி ஆகுமா?

இல்லை. சூரிச் நகரில் 222 ஆரோக்கியமான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்பதற்கும் பிற்கால அறிவுத்திறனுக்கும் தொடர்பே தெரியவில்லை.

ஆனால் நடக்க ஆரம்பித்ததும் குழந்தையின் உலகம் மாறுவது உண்மை. தவழும்போது கண்ணுக்குப் பெரும்பாலும் தரைதான் தெரியும். நடக்கும்போது முகங்கள் தெரியும். பொருளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் நடந்து வருகிறது, நீட்டுகிறது. நாமும் வெறுமனே "ம்" என்று சொல்லாமல், "பந்தா? அப்பாகிட்ட குடு" என்கிறோம். இப்படித்தான் நடையோடு சொற்களும் கூடுகின்றன. எனவே நடை தாமதமானால் பயப்பட வேண்டாம், அதுவரை பொருளை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை என்றால். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை என்றால். ஒன்றரை வயதிலும் தனியாக நடக்கவில்லை என்றால். உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தால். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறுகையை ஒதுக்கினால், ஒரு காலை இழுத்தால். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் நிறுத்திவிட்டால், அன்றைக்கே போங்கள்.

குறைமாதக் குழந்தை என்றால் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு எட்டு மாதம் என்றால், ஆறு மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உருவாக்கிய 17 அம்சங்கள் கொண்ட ஒரு எளிய வளர்ச்சி அட்டவணை இரண்டு வயது வரைக்கும் நம் நாட்டில் பயன்படுகிறது. அதைக் கொண்டு சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். அரசு சார்பில் மாவட்டங்களில் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. மேலே நான் எழுதிய "ஊருக்கு ஊர் மாறும்" என்பதெல்லாம் போகாமல் இருப்பதற்குக் காரணம் ஆகிவிடக் கூடாது. சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் பயிற்சி தொடங்கலாம், குழந்தை விஷயத்தில் அந்தச் சில மாதங்கள் பெரிய சொத்து.

மாடி வீட்டில், இருக்கிற இடத்தில், என்ன செய்யலாம்?

டைல்ஸ் மேல் கோரைப்பாயோ ஜமுக்காளமோ விரித்துவிடுங்கள். முட்டிக்குப் பிடிப்பு கிடைக்கும். காலுறையைக் கழற்றிவிடுங்கள். நிற்கத் தொடங்கும் வயதில் முக்காலி, கட்டில், நாற்காலி இவற்றை ஒரு கை இடைவெளியில் வரிசையாக வையுங்கள். ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குத் தாவும். கைகளுக்கு வேலை வேண்டும் என்றால், உட்கார வைத்து நன்றாகக் குழைந்த சாதப் பருக்கைகளைத் தட்டில் போடுங்கள், இரண்டு விரலால் பொறுக்கக் கற்றுக்கொள்ளும். வேர்க்கடலை, பொரிகடலை வேண்டாம், புரையேறும். சாயங்காலம் கோயில் பிராகாரம், பூங்காப் புல், மணல் என்று தரையை மாற்றி மாற்றிக் காட்டுங்கள்.

அப்புறம் படிக்கட்டு. அடுக்குமாடி வீட்டில் அதை எத்தனை நாள் அடைத்து வைக்க முடியும்? ஏறுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும். இறங்குவதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கீழ்ப்படிகள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் திருப்பி, முகம் படியைப் பார்க்க, வயிறு படியில் பட, முதலில் ஒரு கால், பிறகு மறுகால். "கால் முதல்ல" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே செய்வோம். மகன் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான். பிறகு கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் அப்படியே திரும்பி, "கா" என்று சொல்லிக்கொண்டே இறங்க ஆரம்பித்தான்.